வார்டோவுக்கு வேலைக்குப் போவது ஒக்டோபரிலா, ஜனவரியிலா?

நிலா_ஒஸ்லோ

எல்லோருக்கும் வணக்கம். நோர்வேயின் வடகிழக்குக் கோடியில், பின்மார்க் மாவட்டத்தில் இருக்கிற வார்டோ என்ற தீவு ஊரில், முதியோர் இல்லத்தில் எனக்குத் தாதி வேலை கிடைத்திருக்கிறது. நிரந்தர வேலை. ஒக்டோபர் முதல் வாரம் தொடங்கலாம், இல்லாவிட்டால் ஜனவரி கடைசியில் தொடங்கலாம், எது வசதி என்று கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கலியாணம் முடித்து ஒஸ்லோவுக்கு வந்தவள். மொழியும் தாதிப் படிப்பும் இங்கேதான் முடித்தேன். மகளுக்கு நாலு வயது. கணவர் பஸ் ஓட்டுகிறார், அவரால் அடுத்த ஓகஸ்டில்தான் வர முடியும். அதுவரை நானும் பிள்ளையும்தான். போக நினைத்ததற்கு முக்கிய காரணம் படிப்புக் கடன். பின்மார்க்கில் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்தால் வருடத்துக்கு ஒரு பங்கை, ஓர் உச்ச வரம்புக்குள், கழித்து விடுவார்கள். வரியும் குறைவு. 2023 ஓகஸ்டில் இருந்து அங்கே பாலர் காப்பகமும் இலவசம்.

மாமிக்குத்தான் பெரிய பயம். இரண்டு மாதம் சூரியனே எழும்பாத ஊருக்குச் சின்னப் பிள்ளையைக் கொண்டு போகிறாயே என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறார். எனக்குக் குளிர் பெரிய விசயம் இல்லை. இருட்டுத்தான் யோசனையாக இருக்கிறது. ஜனவரியில் போனால் அந்த இருட்டு முடிந்திருக்கும் அல்லவா? வடக்கில் இருந்தவர்கள், இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

வடகடல்

பிள்ளை, ஒக்டோபரில் வாரும்.

நான் எண்பதுகளின் கடைசியில் இந்தப் பக்கம் வந்தவன். முதலில் தங்கிப் படிக்கும் மக்கள் பள்ளி, பிறகு மீன் தொழிற்சாலை. அந்த நாளில் பின்மார்க் கரையில் மீன் வெட்டுகிற ஊர் எதற்குப் போனாலும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும். கண்ணாடிக்குக் கீழே விளக்கு எரிகிற மேசை முன்னால் வரிசையாக நிற்போம். கொட் மீன் துண்டை அந்த வெளிச்சத்தின் மேல் விரித்தால் சதைக்குள் சுருண்டு கிடக்கிற புழு நிழல் மாதிரித் தெரியும். கத்தி நுனியால் கிண்டி எடுத்து, முள்ளை வெட்டி நீக்கி, அடுத்த துண்டு. ரப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை போட்டிருந்தாலும் பத்து மணித் தேத்தண்ணிக்குள் விரல் விறைத்துவிடும். 1989, 90 அளவில் கொட் மீன் குறைந்து, பிடிக்கிற அளவையும் வெட்டியபோது தொழிற்சாலைகள் ஆட்களை நிறுத்தின. எங்கள் ஆட்கள் பலர் ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் இறங்கிப் போனார்கள். நான் நின்றுவிட்டேன்.

அதனால் இங்கே வந்து நிலைத்தவர்களையும் தெரியும், ஒரு குளிர்காலத்தோடு பெட்டி கட்டியவர்களையும் தெரியும். பெட்டி கட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் குளிரால் போகவில்லை, இருட்டாலும் போகவில்லை. ஆள் பழக்கம் பிடிபட முன்னரே வீட்டுக்குள் அடைபட்டுப் போனவர்கள் அவர்கள்.

ஜனவரியில் வந்தால் இருட்டைத் தப்பலாம் என்பது கணக்குக்குச் சரி. ஆனால் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் எல்லாம் புயல் வந்து போகிற மாதங்கள். பாதை மூடும். சின்ன விமானம் இறங்க முடியாமல் திரும்பிப் போகும். அந்த நேரம் வீதியில் நின்று ஒருவரும் கதைக்க மாட்டார்கள், தலையைக் குனிந்து கொண்டு கடைக்குப் போய் வருவார்கள். புதிதாக வந்த ஒருத்தியை அவர்கள் கண்ணால் காணவே மார்ச் ஆகிவிடும். ஒக்டோபர் தொடக்கத்தில் பத்து மணித்தியாலத்துக்குக் கிட்ட வெளிச்சம் இருக்கும். நாளுக்குப் பத்து நிமிடம் அளவில் குறைந்து கொண்டு போய், நவம்பர் கடைசியில்தான் சூரியன் எழும்பாமல் விடும். அந்த ஏழு கிழமையில் எந்த வீதியில் காற்று பொல்லாதது, பக்கத்து வீட்டில் யார், மகளுக்கு யார் கூட்டாளி எல்லாம் தெரிந்துவிடும். பிறகு இருட்டினால் இருட்டட்டும், தெரிந்த ஊருக்குள்தானே நடக்கப் போகிறீர்.

அந்த இருட்டும் மாமி நினைக்கிற மாதிரி இல்லை. டிசம்பர் நடுவிலும் காலை ஒன்பதரையில் இருந்து பன்னிரண்டரை வரை ஒரு நீல வெளிச்சம் இருக்கும், பனி அதைத் திருப்பி அடிக்கும், வீட்டு நிறங்கள் எல்லாம் தெரியும். ஒன்றைக் கவனியும்: வார்டோ இஸ்தான்புல்லுக்கும் கிழக்கே இருக்கிற ஊர், ஆனால் மணிக்கூடு ஒஸ்லோ மணிக்கூடு. அதனால் இங்கே வெளிச்சம் உச்சத்தில் இருப்பது பன்னிரண்டுக்கு இல்லை, பதினொரு மணிக்கு. புதிதாக வருகிறவர்கள் மதியச் சாப்பாடு முடித்து வெளியே போவோம் என்று இருப்பார்கள், கதவைத் திறந்தால் இருட்டியிருக்கும். உம்முடைய இடைவேளையைப் பதினொரு மணிக்குக் கேட்டு வாங்கி, வெளியே போய் நில்லும். அரை மணித்தியாலம் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும்.

பயப்பட வேண்டியது காற்றுக்கு. மரமில்லாத தீவு இது, கோட்டைக்குள் நட்டு வளர்த்த மரத்துக்கும் குளிர்காலத்தில் சுற்றிக் கட்டுவார்கள். மைனஸ் ஐந்துதான் காட்டும், ஆனால் காற்றோடு அது தோலை உரிக்கும். காரை எப்போதும் முகம் காற்றுப் பக்கம் இருக்க நிறுத்தும். பின்பக்கம் காற்று அடிக்கிற மாதிரி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் கதவு கையில் நிற்காது, பிணைச்சல் வளைந்துவிடும். முதலில் நீர் இறங்கி, சுற்றி வந்து, பிள்ளையின் கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறவும்.

ஜனவரி 20 அளவில் சூரியனின் முழு வட்டமும் தெரிகிற முதல் நாளில் வார்டோஹுஸ் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு விடுமுறை. உம்முடைய மகள் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். இருட்டுக்குள் இருந்த பிள்ளைக்குத்தான் அது ஏன் வெடிக்கிறது என்று விளங்கும்.

போட்ஸ்பியோர்ட்_அம்மா

அண்ணை சொன்னதில் காற்றும் கார்க் கதவும் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஒக்டோபர் என்பதற்கு நான் உடன்பட மாட்டேன். அண்ணை தனி ஆளாக வந்தவர். தங்கச்சி நாலு வயதுப் பிள்ளையோடு, கணவர் இல்லாமல் வரப் போகிறா.

தங்கச்சி, முதல் கேள்வி வெளிச்சம் இல்லை. முதியோர் இல்லத்தில் மாலை முறையும் வார இறுதி முறையும் வரும். காப்பகம் பின்னேரம் பூட்டிவிடும், சனி ஞாயிறு இல்லவே இல்லை. மாலை முறைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? ஒஸ்லோவில் மாமி இருக்கிறார். இங்கே ஒருவரையும் தெரியாமல் வந்து இறங்கி, மறு கிழமையே பிள்ளையை யாரிடம் விடுவீர்கள்? இதை முதலில் வேலை இடத்தோடு எழுத்தில் கதைத்து முடியுங்கள். அவர்கள் பகல் முறை மட்டும் தர மாட்டோம் என்றால் ஒக்டோபரும் வேண்டாம், ஜனவரியும் வேண்டாம், கணவர் வருகிற நேரம் பார்த்து வாருங்கள்.

பகல் முறை தந்தாலும் நான் ஜனவரி என்றுதான் சொல்வேன். என்னுடைய மகன் சின்னவனாக இருந்தபோது இவர் கடலுக்குப் போய்விடுவார், நவம்பர், டிசம்பரில் பிள்ளை பின்னேரம் மூன்று மணிக்கே படுக்க வேண்டும் என்று நிற்பான், இரவு இரண்டு மணிக்கு எழும்பி விளையாட நிற்பான். தனியாக இருந்து அதைச் சமாளிப்பது லேசு இல்லை. ஜனவரி கடைசியில் வந்தால் ஒவ்வொரு நாளும் வெளிச்சம் கூடிக்கொண்டு போகும், மே நடுவில் இருந்து ஜூலை கடைசி மட்டும் சூரியன் இறங்கவே இறங்காது. அடுத்த இருட்டு வரும்போது கணவரும் பக்கத்தில் இருப்பார்.

உடுப்பு விசயத்தில் ஒஸ்லோப் பழக்கம் உதவாது. தோலோடு படுவது கம்பளியாக இருக்க வேண்டும், மேலிருந்து கால் வரை. பருத்தி பெனியன் வேர்த்தால் நனைந்து உடம்பைக் குளிர வைக்கும். காப்பகத்துப் பிள்ளைகள் மைனஸ் பத்திலும் வெளியேதான் விளையாடுவார்கள், கைக்குழந்தைகளைத் தள்ளு வண்டிலில் வெளியே படுக்க வைப்பார்கள், பார்த்துப் பயப்பட வேண்டாம். கையுறை மூன்று சோடி கொடுத்து அனுப்புங்கள், எல்லாவற்றிலும் பெயர் எழுதி. ஒளி தெறிக்கிற பட்டி உங்களுக்கும் வேண்டும், பிள்ளைக்கும் வேண்டும். வீதியில் பனி கழிக்கிற வண்டிக்காரனுக்கு நீங்கள் தெரிய வேண்டும். சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற ஆணிப் பட்டியை வாசலிலேயே தொங்க விடுங்கள், அலுமாரிக்குள் வைத்தால் போடாமல் போய்விடுவீர்கள்.

கோவைக்காரன்

அக்கா, நான் கராஷோக்கில் இருக்கிறேன், மின்கம்பி பராமரிப்பு வேலை. கடற்கரை எனக்குத் தெரியாது, உள்நாட்டுக் குளிர் தெரியும். நார்வேயில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை எங்கள் ஊரில்தான், 1886 ஜனவரி 1 அன்று மைனஸ் 51.4 டிகிரி. இப்போதும் மைனஸ் 35 வந்து போகும். அந்தக் குளிரில் காற்றே இருக்காது, புகைபோக்கிப் புகை நேராக மேலே ஏறும். இமை முடி ஒன்றோடொன்று ஒட்டும், போன் சட்டென்று அணைந்துவிடும். காரை ராத்திரி பிளக்கில் மாட்டி இன்ஜினைச் சூடாக வைக்காவிட்டால் காலையில் அசையாது. உங்கள் வார்டோவில் கடல் உறையாது, வெதுவெதுப்பான நீரோட்டம் வருவதால் குளிர் இந்த அளவுக்கு இறங்காது. அதனால் யாராவது பின்மார்க் என்றாலே மைனஸ் 40 என்று பயமுறுத்தினால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

எனக்கு இங்கே பெரிய உதவி, சாமி என்கிற இந்தப் பகுதிப் பழங்குடி இனத்துப் பெரியவர் ஒருவர். கலைமான் தோல் செருப்புக்குள் சாக்ஸுக்குப் பதிலாகக் காய்ந்த கோரைப் புல்லை எப்படிச் சுற்றி வைப்பது என்று தரையில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தார். புல்லைப் பிய்த்துப் பிய்த்து மெத்தென்று ஆக்கி, குதிகாலில் இருந்து விரல் வரை கிண்ணம் போல அமைத்து, ராத்திரி வெளியே எடுத்து உலர்த்த வேண்டும். ஒரு நாள் முழுக்க வெளியில் நின்றும் கால் சில்லிடவில்லை. அப்புறம், சூரியன் இல்லாத மாதங்களில் மீன் ஈரல் எண்ணெய் தினமும் குடியுங்கள், குழந்தைக்கும் கொடுங்கள். நம் நிறத் தோலுக்கு வைட்டமின் டி இங்கே சுலபமாகக் கிடைக்காது. ரத்தப் பரிசோதனையும் ஒருமுறை கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

நிலா_ஒஸ்லோ

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி இன்றைக்கே வேலை இடத்துக்கு அழைத்துக் கதைத்தேன். கணவர் வரும் வரை பகல் முறை, மூன்று வார இறுதிக்கு ஒரு முறை மட்டும் ஒரு பகல். அந்த நாளுக்கு, அங்கே வேலை செய்கிற ஒருவருடைய மகள் பிள்ளையைப் பார்ப்பாள் என்று அவர்களே ஒழுங்கு சொன்னார்கள். எழுத்தில் தருகிறார்கள்.

இப்போது எனக்கு இரண்டு கேள்வி மிஞ்சி இருக்கிறது. பிள்ளைக்கு இரவில் காய்ச்சல், மூச்சு என்று வந்தால் என்ன செய்வது? ஆஸ்பத்திரி கிர்க்கெனெஸில் என்கிறார்கள். மற்றது, வடகடல் அண்ணா ஆள் பழக்கம் என்று சொன்னீர்கள். அங்கே ஆட்கள் ஒஸ்லோ மாதிரி ஒதுங்கி இருப்பார்களா? நான் தானாகப் போய்க் கதைக்கிற ஆள் இல்லை.

வடகடல்

பிள்ளை, அம்மா சொன்ன நியாயத்தை நான் மறுக்கவில்லை, பகல் முறை எழுத்தில் இல்லாவிட்டால் நானும் வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது அது கிடைத்துவிட்டது. இனி என்னுடைய சொல்லில் நிற்கிறேன்: ஒக்டோபர்.

ஆஸ்பத்திரி கிர்க்கெனெஸில்தான், பாதையால் கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர். காய்ச்சல், காது வலி எல்லாம் உள்ளூர் டொக்டரோடு முடியும். இரவில் அவசர இலக்கத்துக்கு அழைத்தால் தாதி ஒருவர் கேட்டு வழி சொல்வார். பெரிய அவசரம் என்றால் அம்புலன்ஸ் விமானம் வரும். ஆனால் புயல் நாளில் விமானமும் இல்லை, பாதையும் இல்லை என்று இருக்கும், அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மகளுக்கு ஏற்கெனவே இழுப்பு இருந்தால் வருவதற்கு முன் டொக்டரோடு கதைத்து, மருந்து இரண்டு மாதத்துக்குக் கையில் வைத்திரும். பெரிய நோய் இல்லாத பிள்ளை என்றால் மற்றப் பிள்ளைகள் வளர்கிற மாதிரி வளரும்.

ஆட்களைப் பற்றி. ஒஸ்லோவில் பக்கத்து வீட்டுக்குப் போக முதலில் செய்தி அனுப்பி நேரம் கேட்பீர். இங்கே பழைய ஆட்கள் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றி, குசினிக் கதிரையில் இருந்துவிடுவார்கள். உம்மைத் தேடி அப்படி யாராவது வந்தால் பதறாமல் கோப்பியைப் போடும். வந்தவர் அரை மணித்தியாலம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுப் போகலாம். அது கோபம் இல்லை. அடுத்த கிழமை திரும்பவும் வருவார். பெரியவர்கள் கால் மிதித்துத் தள்ளுகிற சறுக்கு நாற்காலியில் கடைக்குப் போவார்கள், அதன் கதிரையில் சாமான் பை இருக்கும். அவர்களைக் கண்டால் நின்று காலநிலையைக் கதையும். இங்கே காலநிலைப் பேச்சு சும்மா பேச்சில்லை, நாளைக்குப் பாதை திறக்குமா, படகு வெளிக்கிடுமா என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. நீர் கூச்சப்படுகிற ஆளாக இருந்தாலும் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற உம்மை ஒரு மாதத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அவர்களுடைய தாயையும் தகப்பனையும் குளிக்க வார்க்கிறவள் நீர் அல்லவா?

அந்த இல்லத்தில் இருக்கிற வயதானவர்களிடம் 1944ஐக் கேளும். பின்வாங்கிப் போன ஜெர்மன் படை பின்மார்க்கின் ஊர்களை எரித்துக்கொண்டு போனது, ஆயிரக்கணக்கான சனம் தெற்கே கப்பலில் ஏற்றப்பட்டது, போகாதவர்கள் குகையிலும் மண் குடிசையிலும் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அப்போது சின்னப் பிள்ளையாக இருந்தவர்கள் இன்னமும் சிலர் இருக்கிறார்கள். வீட்டை விட்டு ஓடியதைப் பற்றி அவர்களோடு கதைக்க எங்களுக்கு அதிகம் விளக்கம் தேவைப்படாது. நான் இந்த ஊரில் உண்மையாகச் சிநேகிதம் பிடித்தது அப்படியான ஒரு கிழவனாரோடுதான்.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம். மீன் ஒஸ்லோவில் காண முடியாத மாதிரிக் கிடைக்கும். துறைமுகத்தில் ஆள் பழகினால் கொட் தலையும் சினையும் வந்து சேரும், தலையைப் புளி விட்டுக் குழம்பு வைத்தால் நீர் எந்த ஊரில் இருக்கிறீர் என்று மறந்துவிடும். ஒடியல் கூழுக்கு நாங்கள் போடுவது பேரன்ட்ஸ் கடலின் அரச நண்டு, ஒரு கால் போதும் ஒரு சட்டிக்கு. அந்த நண்டு இந்தக் கடலுக்குச் சொந்தமில்லை, சோவியத் காலத்தில் அறுபதுகளில் கொண்டு வந்து விட்டது பெருகியது. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் மூன்று மாதத்துக்கு ஒஸ்லோவில் இருந்து ஏற்றி வாரும். கறிவேப்பிலையைக் கழுவி, துடைத்து, உறைய வைத்துக் கொண்டு வாரும்.

நிலா_ஒஸ்லோ

ஒக்டோபர் என்று இன்றைக்குப் பதில் அனுப்பிவிட்டேன். மாமியும் இதையெல்லாம் இருந்து வாசித்தார், காய்ச்சல் மருந்தை இப்போதே எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார். கடைசியாக ஒன்று: காரைக் கொண்டு வரலாமா? கணவர் ஓட்டி வந்து விட்டுவிட்டு விமானத்தில் திரும்புவதாகச் சொல்கிறார்.

வடகடல்

கொண்டு வாரும், கார் இல்லாமல் இங்கே சரிவராது. நோர்வேக்குள்ளால் வர வேண்டாம், சுவீடன், பின்லாந்து வழியாக வந்தால் தூரமும் குறைவு, பாதையும் நேர். அப்படியும் 1,800 கிலோமீற்றருக்கு மேல் இருக்கும், பிள்ளையோடு என்றால் வழியில் இரண்டு இரவாவது தங்கி வாருங்கள். ஆணி ரயருக்கு வடக்கில் ஒக்டோபர் 16 முதல் அனுமதி, தெற்கில் நவம்பர் 1. பாதையில் ஐஸ் இருந்தால் அதற்கு முன்னரும் போடலாம். ஆணி ரயரோடு ஒஸ்லோவுக்குள் ஓடக் கட்டணம் கட்ட வேண்டும், ஆகவே ரயரைக் காரில் ஏற்றி வந்து இங்கே மாற்றுங்கள். காருக்குள் சவள், இழுக்கிற கயிறு, கம்பளிப் போர்வை, சுடுதண்ணிப் போத்தல், பாண் இவை ஏப்ரல் வரை நிரந்தரமாக இருக்க வேண்டும். பக்கத்து ஊரான வாட்சோவுக்கும் வார்டோவுக்கும் இடையில் பனி கழிக்கிற வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் போகச் சொன்னால், தாங்கியில் எண்ணெய் நிரப்பி இருந்தால் மட்டும் வரிசையில் நில்லுங்கள், முன்னால் போகிற சிவப்பு விளக்கை விட்டுவிடாமல் போங்கள், என்ன நடந்தாலும் வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டாம். கடைசியில் கடலுக்குக் கீழே போகிற சுரங்கம் வரும், 1982இல் திறந்தது, நோர்வேயின் முதல் கடலடிச் சுரங்கம் அதுதான். அதற்குள்ளால் ஏறி வெளியே வந்ததும் எனக்கு ஒரு செய்தி போடும், நான் வந்து வீட்டுத் திறப்பு வாங்குகிற இடத்தைக் காட்டுகிறேன்.